பொம்மையிடம் பேசக் கூடாது

நேர்காணல் என்ற ஒன்றை மனிதன் கண்டுபிடித்த நாள்முதல் இன்றுவரை, அதில் ஒருமுறைகூடத் தோற்காத மிகச் சிலரில் நானும் ஒருவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மையை மறைத்து எனக்குப் பழக்கமில்லை. நான் இதுவரை ஒரு நேர்காணலுக்கும் போனதில்லை என்பது வேறு விஷயம். அதைப் பொறாமைக்காரர்கள்தான் முதலில் எடுத்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மொத்தம் நான்கு பேர். அதில் மூன்று பேர் பொறாமைக்காரர்கள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியிருக்கிறேன். மொத்தம் எத்தனை பேர் பேசினார்கள் என்று கேட்பது நாகரிகமல்ல. அந்தச் சான்றிதழை ஹாலில் ஆணி அடித்து மாட்டிய நாளிலிருந்து வீட்டில் என் பெயர் 'புரொபசர்'. கிண்டல் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கூப்பிட்டதும் நான் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

அக்கா நர்ஸ். ஊரிலேயே பெரிய மருத்துவமனையில், இரண்டாவது மாடிப் பொது வார்டில் ஆறு வருஷமாக இருக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அதே கட்டிடத்தில் நாலாவது மாடியில் இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில், அதாவது ஐ.சி.யூ.வில், நர்ஸாக வேண்டும். இரண்டு மாடிதான் வித்தியாசம். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் கணக்குப்படி அது பதினெட்டு வினாடி. அக்கா இரண்டு தடவை நேர்காணலுக்குப் போய், இரண்டு தடவையும் தோற்றுவிட்டாள். மூன்றாவது தடவையும் தோற்றால் பிறகு விண்ணப்பமே போடக் கூடாது என்பது அந்த மருத்துவமனையின் விதி.

வேலை தெரியாமல் தோற்கவில்லை. முதல் தடவை, "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார்களாம். பெயரையும் பணியாளர் எண்ணையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாளாம். இரண்டாவது தடவை நல்ல முன்னேற்றம். ரத்த வகையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் அவள் வாயை அடைக்க ஆள் வைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும்போது ஒரு பேச்சு, துணி மடிக்கும்போது ஒரு பேச்சு. ஆனால் நாற்காலியில் உட்காரவைத்து எதிரே நாலு பேர் உட்கார்ந்தால் வாய்ப்பூட்டு விழுந்துவிடும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அதே வீட்டில் என் வாய் சும்மா கிடக்கும்போது, அதைப் பயன்படுத்தாமல் விடுவது குற்றம். நேர்காணலுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது நானே பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. பெரிய காரியங்கள் அப்படித்தான் தொடங்கும்.

முதலில் காரணத்தைக் கேட்டேன். அக்கா கட்டிலில் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்படி என்னதான் இருக்கு அந்த ஐ.சி.யூ.வுல?"

"அதாண்டா எனக்கும் தெரியல" என்றாள், துண்டின் ஓரங்களைச் சேர்த்துப் பிடித்தபடி. "வார்டுல யாருக்காவது திடீர்னு ரொம்ப முடியாமப் போனா, கட்டிலைத் தள்ளிக்கிட்டு மேல ஓடுறது நான்தான். லிஃப்ட்ல கையப் புடிச்சுக்கிட்டே போவேன். அந்தக் கதவு வந்ததும் உள்ள இருக்கிறவங்க வாங்கிக்குவாங்க. கதவு சாத்திக்கும். அதுக்கப்புறம் அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு அடுத்த நாள் யாரையாவது கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும். ஆறு வருஷமா கதவோட வெளிப்பக்கத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். எங்கெங்க பெயின்ட் உதிர்ந்திருக்குன்னு மனப்பாடம்."

"இதை மட்டும் இன்டர்வியூவுல சொல்லிராத. அழுமூஞ்சின்னு நெனச்சுக்குவாங்க" என்று எச்சரித்துவிட்டு, சரியான பதிலை நானே எழுதிக் கொடுத்தேன். அதற்கு முப்பத்திரண்டு பக்க நோட்டு ஒன்று தேவைப்பட்டது.

அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேஜையில் மாதிரி நேர்காணல். தேர்வுக் குழுவின் தலைவர் அம்மா. டாக்ஸி கம்பெனி ஒன்றில் இருபது வருஷமாக ஃபோன் எடுக்கிறவள். உறுப்பினர் அப்பா. நெறியாளர் நான்.

அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம், எங்கிருந்து பேசுறீங்க?" என்றாள்.

"அம்மா, எதிர்லதான உக்காந்திருக்கா!"

"வாய் தானா வருதுடா. சரி சரி. உங்களுக்கு எத்தனை மணிக்கு வேணும்?"

"எது?"

"வேலை."

அக்கா சிரித்துவிட்டாள். நான் அவளுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன். பிறகு அவள் கைகளைக் கவனித்தேன். மேஜைமேல் கிடந்த கரண்டியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். கரண்டியைப் பிடுங்கி வைத்தேன்.

"ரெண்டு கையும் மடியில. விரல்கூட அசையக் கூடாது. கை ஆடினா தன்னம்பிக்கை இல்லன்னு அர்த்தம்."

கை மடிக்குப் போனது. வாயும் கூடவே போனது.

"உங்க பெரிய பலவீனம் என்ன?" என்று நானே கேட்டேன். நோட்டின் ஏழாம் பக்கம் பதில் இருக்கிறது: 'என் மிகப்பெரிய பலவீனம், அளவுக்கு மீறிய அர்ப்பணிப்பு உணர்வு.'

அக்கா கூரையைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். கடைசியில் மெதுவாக, "இது பொய்டா" என்றாள்.

"இன்டர்வியூவுல இதுக்குப் பேரு பதில்."

அம்மா தீர்ப்புச் சொன்னாள். "வண்டி அஞ்சு நிமிஷத்துல வரும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்முறைப் பயிற்சி. இந்தத் தடவை நேர்காணலின் இரண்டாம் பகுதியில் ஒரு பொம்மை நோயாளியைப் படுக்கவைத்து, அதைக் கவனித்துக்கொள்ளச் சொல்வார்களாம். வீட்டில் பொம்மைக்கு எங்கே போவது? அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்தேன்.

"அப்பா, நீங்க முழு மயக்கத்துல இருக்கீங்க."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நான் சொல்ற வரைக்கும்."

அப்பா அவ்வளவு சந்தோஷமாக நடந்துகொண்டு நான் பார்த்ததே இல்லை. வென்டிலேட்டர், அதாவது மூச்சு விடவைக்கும் இயந்திரம், எங்கள் வீட்டு மேஜை விசிறி. நோயாளியின் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் நான். கட்டிலின் தலைமாட்டில் நின்று வாயாலேயே "பீப்... பீப்..." என்று சீராக அடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா உள்ளே வந்தாள். கையில் கிருமிநாசினி மருந்து தேய்த்துக்கொண்டாள். நேராகக் கட்டிலுக்கு வந்து, குனிந்து அப்பாவின் காதருகே, "ஐயா, வணக்கம். நான்தான் இன்னைக்கு உங்க நர்ஸ். இப்ப மணி பத்தே கால். வெளிய நல்ல வெயிலு. உங்க தோள்மேல கை வைக்கப் போறேன், கொஞ்சம் சில்லுனு இருக்கும். அப்புறம் உங்கள எடது பக்கமா திருப்பிப் படுக்கவைப்போம்" என்றாள்.

"சரிம்மா" என்றார் அப்பா.

"அப்பா, மயக்கம்!"

"ஆமாமா" என்று மறுபடி மயங்கினார்.

நான் பீப்பை நிறுத்திவிட்டேன். "அக்கா, ஒரு நிமிஷம். அவருக்குத்தான் நினைவே இல்லையே. யாருகிட்ட வணக்கம் சொல்ற?"

"அவருகிட்டதான்."

"செவிடன் காதுல ஊதின சங்கு."

"கேக்குதா இல்லையான்னு நமக்குத் தெரியாதுடா. ஒருவேளை கேக்குதுன்னு வையி. கண்ணத் தெறக்க முடியல, கையத் தூக்க முடியல. திடீர்னு எங்கிருந்தோ ஒரு கை வந்து தொட்டா எப்படி இருக்கும்? அதான் சொல்லிட்டுத் தொடுறது." பேசிக்கொண்டே அப்பாவின் முழங்காலை மடக்கி, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகிவிட்டாள். அவர் எப்போது திரும்பிப் படுத்தார் என்றே தெரியவில்லை.

சரி, இவளை ஒரு கை பார்க்கலாம் என்று நான் பீப்பை நீளமான "பீ...." ஆக மாற்றினேன். இதயம் நின்றுவிட்டதாக அர்த்தம். மூச்சை இழுத்துப் பிடித்து, கண் பிதுங்க, உயிரைக் கொடுத்துக் கத்தினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், நெஞ்சைப் பார்த்தாள், கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள்.

"நான் இங்க தொண்ட கிழியக் கத்துறேன், நீ அவரப் பாக்குற?"

"மானிட்டர் செத்தா வேற வாங்கிக்கலாம்டா. இவரு மூச்சு விடுறாரு, நாடி ஓடுது. ஒயர் கழண்டிருக்கும்." என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "மாட்டியாச்சு. பீப் அடி."

"மூச்சு மெஷின்ல மணி அடிச்சா?" என்று வாசலில் நின்ற அம்மா ஆர்வமாகக் கேட்டாள்.

"அப்பவும் முதல்ல ஆளத்தாம்மா பாக்கணும். குழாயக் கடிச்சிருக்கலாம், மடங்கியிருக்கலாம், சளி அடைச்சிருக்கலாம். என்னன்னு புடிபடலன்னா மெஷினக் கழட்டிட்டு, பையை வச்சு நானே கையால காத்து குடுத்துக்கிட்டு, ஆளுங்களக் கூப்பிடுவேன்." இதைச் சொல்லும்போது அவள் கைகள் இல்லாத பை ஒன்றை அமுக்கிக்கொண்டிருந்தன.

அப்பாவால் அதற்குமேல் மயங்கியிருக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தார். "ரொம்பச் சரி. லிஃப்ட்ல மணி அடிச்சா நாங்களும் பேனலத் தெறக்க மாட்டோம். முதல்ல கதவுகிட்ட வாயை வச்சு, 'உள்ள யாரு இருக்கீங்க, பயப்படாதீங்க, வந்துட்டோம்'னு கத்துவோம்."

"உள்ள ஆளே இல்லன்னா?"

"கத்துனதுல என்னடா கொறஞ்சு போச்சு?"

"பாரேன், என்னமாப் பேசுறா!" என்றாள் அம்மா. நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அதற்கெல்லாம் மதிப்பெண் ஒதுக்கப்படவில்லை.

மறுநாளிலிருந்து அக்காவைத் திருத்தும் பணியைத் தீவிரமாக்கினேன். அவள் காதில் விழும்படி ஃப்ரிட்ஜிடம் போய், "ஐயா, வணக்கம். நான்தான் உங்க தம்பி. உங்க கதவத் தெறக்கப் போறேன். கொஞ்சம் வெக்கையா இருக்கும்" என்பேன். செருப்பு மாட்டும்போது, "எடது செருப்பு அவர்களே, உங்கமேல என் முழு பாரமும் இறங்கப் போகுது. தைரியமா இருங்க" என்பேன். குளியலறைக் குழாய்க்கு நலம் விசாரித்தேன். அப்பா என் பேச்சை மிகவும் ரசித்தார். அம்மா, சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா மட்டும், "போடா எருமை" என்பாள். நாலைந்து நாளில் அதையும் நிறுத்திவிட்டாள்.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு அவளை உட்காரவைத்து இறுதி அறிவுரை வழங்கினேன்.

"எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பொம்மைகிட்ட பேசாத. மயக்கத்துல இருக்கிற மனுஷன்கிட்ட பேசுறதயாவது ஒத்துக்கலாம். மூணு பெரிய டாக்டர் முன்னாடி ரப்பர் பொம்மையப் பாத்து 'ஐயா, வணக்கம்'னு சொன்னா உன்ன ஐ.சி.யூ.வுல எடுப்பாங்கதான். ஆனா நர்ஸா இல்ல."

அவள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டே, "ரொம்பக் கேவலமாவா இருக்கும்?" என்றாள்.

"ரொம்ப."

"சரிடா. பேசல."

என் பயிற்சிக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான். என்னமோ, அன்றைக்கு அதைக் கொண்டாட வேண்டும் என்று தோன்றவில்லை.

நேர்காணல் காலை பத்து மணிக்கு. அதற்கு முந்தைய இரவு அவளுக்கு வார்டில் வேலை. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. நான் ஒன்பதரைக்குச் சலவை செய்த உடுப்போடு போய்ச் சேர்ந்தபோது, முகம் கழுவி, தலை வாரி, கண் இரண்டும் சிவந்து நின்றாள். உடுப்பு மாற்றிக்கொண்டு வந்ததும், "கை?" என்றேன். "மடியில" என்றாள். "பொம்மை?" என்றேன். பேச மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

வராந்தாவில் வரிசையாக நாற்காலிகள். என் பக்கத்தில் நெட்டையாக ஒருவர், அவரும் நர்ஸ், அவரும் அதே வேலைக்கு வந்தவர், கால் ஆட்டிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. தன்னம்பிக்கை பற்றி எட்டு நிமிடம் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"நீங்க எத்தன இன்டர்வியூ போயிருக்கீங்க தம்பி?"

"தோத்ததே இல்லண்ணே."

அவர் நாற்காலி மாறி உட்கார்ந்தார்.

அறைக் கதவில் முகம் அளவுக்கு ஒரு கண்ணாடி இருந்தது. தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து அதன் வழியாகப் பார்த்தேன். சத்தம் கேட்காது. படம் மட்டும்தான். ஒரு டாக்டர், ஒரு அலுவலக ஆள், நடுவில் நரைத்த கொண்டை போட்ட தலைமை நர்ஸ். எதிரே அக்கா, நான் சொல்லிக் கொடுத்தபடி கைகளை மடியில் வைத்து, தபால்தலையில் அச்சடித்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டர் ஏதோ கேட்டார். அக்கா கூரையைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் அசைந்து நின்றது. டாக்டர் குனிந்து மறுபடி கேட்டார். அக்கா ஒரே ஒரு சொல் சொன்னாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டேன். தண்ணீர் அப்புறம் குடித்துக்கொள்ளலாம்.

பிறகு மூலையில் இருந்த கட்டிலைக் காட்டினார்கள். பொம்மை போர்வைக்குள் படுத்திருந்தது. அக்கா எழுந்து போய், கையில் மருந்து தேய்த்துக்கொண்டு, தலைமாட்டில் நின்றாள். வாயைத் திறந்தாள். மூடினாள். போர்வைமேல் கையைக் கொண்டுபோய், தொடாமல் அப்படியே நிறுத்திவிட்டாள். நான் எண்ணினேன். பதினொன்று வரை. அந்தக் கை ஏன் அந்தரத்தில் நிற்கிறது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. கதவுக்கு வெளியே நின்ற ஒருவனுக்குத் தெரியும்.

"பேசு" என்றேன். கண்ணாடியில் ஆவி படிந்தது.

கேட்டிருக்க வழியே இல்லை. துடைத்துவிட்டுப் பார்த்தபோது அவள் குனிந்திருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. கை பொம்மையின் தோளில் இருந்தது. அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. தலையணையைச் சரி செய்தாள், குழாயைத் தடவிப் பார்த்தாள், மானிட்டரில் ஏதோ சிவப்பாக மின்னியபோது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொம்மையைப் பார்த்தாள். டாக்டர் எழுந்து பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தலைமை நர்ஸ் கடிகாரத்தை மறந்துவிட்டார்.

வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்து, "பேசிட்டேன்டா" என்றாள்.

"ஐயான்னா கூப்பிட்ட?"

"அம்மான்னு. பொம்மை பொம்பளை."

பஸ்ஸில் மீதியைச் சொன்னாள். "உன் ஏழாம் பக்கம் காலை வாரிருச்சு. 'என் பெரிய பலவீனம், அளவுக்கு மீறிய...'ன்னு ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம் மறந்துபோச்சு. 'அளவுக்கு மீறிய?'ன்னு டாக்டர் எடுத்துக் குடுத்தாரு."

"என்ன சொன்ன?"

"தம்பின்னேன்."

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பார்க்கத்தக்கதாக ஒன்றுமில்லை.

"அப்புறம் பொம்மைக்குக் குழாய் கட்டும்போது, ஏன் இங்க வரணும்னு கேட்டாங்க. கதவப் பத்திச் சொல்லிட்டேன். பெயின்ட் உதிர்ந்தது எல்லாம். கோவிச்சுக்காத." கொட்டாவி விட்டாள். "நாலு மணிக்குள்ள ஃபோன் வரும்னாங்க. வரலன்னா இல்லன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. அம்மா, அப்பா வேலைக்குப் போயிருந்தார்கள். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு ஹால் நாற்காலியில் உட்கார்ந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் அப்படியே தூங்கிவிட்டாள். ஒரு கை ஃபோனை இறுக்கிப் பிடித்திருந்தது. நான் எதிரே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டரை. மூன்று. மூன்றரை. நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃபோன் அதிர்ந்தது. அவள் எழவில்லை. நின்றுவிடுமோ என்ற பயத்தில் பாய்ந்து அவள் விரல்களைப் பிரித்துப் பிடுங்கினேன்.

உடம்பு மொத்தமும் தூக்கிப் போட்டது அவளுக்கு. தூக்கத்திலேயே முகம் சுருங்கி, கை காற்றில் எதையோ தடுத்தது. பிறகு அடங்கியது.

சமையலறைக்கு ஓடி, "ஹலோ" என்றேன். தலைமை நர்ஸ்.

"நீங்க யாரு பேசுறது?"

"தம்பி."

"ஓ! அந்தத் தம்பியா?"

பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கிய எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. என் பெயரைச் சொல்லலாமா, ரத்த வகையைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

"அக்கா இருக்காங்களா?"

"தூங்... நைட் டூட்டி."

"எழுப்பாதீங்க. நைட் முடிச்சு வந்தவங்கள எழுப்பவே கூடாது. எந்திரிச்சதும் சொல்லுங்க, அவங்கள எடுத்தாச்சு. திங்கக்கிழமை காலை ஏழு மணி, நாலாவது மாடி. சரியா?"

"சரி."

"வேற ஏதாவது கேக்கணுமா?"

"இல்ல."

வைத்துவிட்டார். என் வாழ்க்கையின் முதல் நேர்காணல் அப்படி முடிந்தது.

ஹாலுக்குத் திரும்பினேன். அக்காவின் கழுத்து ஒருபக்கமாக மடிந்திருந்தது. கால் இரண்டும் ஷூவுக்குள் வீங்கியிருந்தன. வாசல் கதவு தாழிட்டிருக்கிறதா என்று பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தேன். பிறகு அவள் காலருகே தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா" என்றேன், எனக்கே கேட்காத குரலில். "நான்தான், உன் தம்பி. மணி இப்ப நாலு. வெளிய வெயிலு கொறைஞ்சிருச்சு. உன்ன எடுத்துட்டாங்களாம். திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு அந்தக் கதவுக்கு உள்பக்கம் போகணும். இப்ப உன் எடது கால் ஷூவக் கழட்டப் போறேன். மொதல்ல கயிறு. கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கும்."

கழற்றினேன். அவள் அசையவில்லை.

"அடுத்து வலது கால்" என்றேன்.